மின்னணுப் போர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உக்ரைன் போர்ச் செய்திகளைப் படிக்கிறவர்கள் ஜாமிங் (இரைச்சலால் அலைகளை அடைப்பது), ஸ்பூஃபிங் (பொய் சிக்னலால் ஏமாற்றுவது) போன்ற சொற்களைத் தாண்டாமல் வர முடிவதில்லை. இவற்றின் அடிப்படை என்ன, எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் இங்கே சொல்லப் பார்க்கிறேன். எடுத்துக்காட்டுகளில் பல இரண்டாம் உலகப் போரிலிருந்து வருகின்றன. அந்தக் கால ரகசியங்கள் இன்று திறந்து கிடக்கின்றன என்பதே காரணம். இன்றைய கருவிகளைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி, தயாரித்த கம்பெனியின் விளம்பரத் தாளைத் திருப்பி எழுதியது.

மின்னணுப் போர் என்றால் சைபர் போர்தானே?

இல்லை. சைபர் தாக்குதலில் எதிரியின் கணினிக்குள், அதன் மென்பொருளுக்குள் நுழைகிறார்கள். மின்னணுப் போர் காற்றில் போகும் அலைகளுக்கான சண்டை. ரேடியோ, ரேடார், செயற்கைக்கோள் சிக்னல், ட்ரோனுக்கும் அதை ஓட்டுபவருக்கும் நடுவிலுள்ள இணைப்பு எல்லாம் இதில் அடங்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடங்கள் உண்டு. ஆனாலும் ரேடாரின் ஆன்டெனாவை நோக்கி இரைச்சலை அனுப்புகிறவருக்குப் பாஸ்வேர்டு எதுவும் தேவையில்லை.

இதில் எத்தனை வகை?

ராணுவக் கையேடுகள் மூன்றாகப் பிரிக்கும்: எதிரியின் அலைகளைக் கெடுப்பது, நம்முடையதைக் காப்பாற்றிக்கொள்வது, எதிரி எங்கே எதில் பேசுகிறான் என்று ஒட்டுக்கேட்பது. செய்தித்தாளில் வருவது முதலாவது மட்டும்தான். என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் அஸ்திவாரம். எந்த அதிர்வெண்ணில், எந்த வகை சிக்னலில் எதிரி இயங்குகிறான் என்று தெரியாத ஜாமர், மின்சாரத்தைத் தின்னும் பெட்டி. கீழே வரும் கதைகளைப் பார்த்தால் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று புரியும்.

எப்போது தொடங்கியது?

போர்க்கப்பலில் ரேடியோ ஏறிய சில ஆண்டுகளிலேயே. ரஷ்ய-ஜப்பானியப் போரில், 1904 ஏப்ரல் 15 அன்று போர்ட் ஆர்தர் துறைமுகத்தை ஜப்பானியக் கப்பல்கள் தொலைவிலிருந்து குண்டு வீசித் தாக்கின. குண்டு எங்கே விழுகிறது என்று சிறு கப்பல்கள் ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தன. போபெடா என்ற ரஷ்யப் போர்க்கப்பலும் கரையிலிருந்த ஒரு ரேடியோ நிலையமும் அதே நேரத்தில் சிக்னலை இரைத்து அந்தப் பேச்சைக் குலைத்தன. அன்று தங்கள் கப்பல்கள் எதிலும் குண்டு படவில்லை என்பது ரஷ்யத் தரப்பின் அறிக்கை. ரஷ்ய ராணுவம் இன்றும் ஏப்ரல் 15ஐ மின்னணுப் போர் வீரர்கள் தினமாகக் கொண்டாடுகிறது.

மறு ஆண்டு சுஷிமா கடற்போரில் இதற்கு நேர் எதிர். ரஷ்யக் கடற்படை வருவதைக் கண்டுபிடித்த ஜப்பானியக் கப்பல் தலைமைக்குத் தகவல் அனுப்பத் தொடங்கியது. உரால் என்ற ரஷ்யக் கப்பலில் சக்திவாய்ந்த ரேடியோ இருந்தது. அதைக் கொண்டு குறுக்கிடட்டுமா என்று அதன் கேப்டன் கேட்டார். அட்மிரல் ரோஷெஸ்த்வென்ஸ்கி வேண்டாம் என்றார். தகவல் போய்ச் சேர்ந்தது, ரஷ்யக் கடற்படை அழிந்தது. ஜாம் செய்திருந்தால் போரே மாறியிருக்கும் என்று சிலர் எழுதுவது மிகை. சில மணி நேரம் கிடைத்திருக்கலாம், அவ்வளவுதான்.

ஜாமர் எதிரியின் சிக்னலை அழித்துவிடுகிறதா?

இது பரவலான தவறான எண்ணம். சிக்னல் அப்படியே இருக்கும். கெடுவது அதை வாங்குகிற பக்கம். கோயில் கொடைக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு அடியில் நின்று போனில் பேசிப் பாருங்கள். மறுமுனையில் பேசுகிறவர் வாயை யாரும் பொத்தவில்லை, உங்கள் காதுதான் நிரம்பிவிட்டது. அதனால் ஜாமர் குறிவைப்பது எப்போதும் ரிசீவரைத்தான்.

ரேடாரைப் பொறுத்தவரை ஜாமருக்கு இயற்கையே ஒரு சலுகை கொடுத்திருக்கிறது. ரேடார் அலை விமானம் வரை போய், பட்டு, திரும்பி வரவேண்டும். தொலைவு இரட்டிப்பானால் எதிரொலி 16ல் ஒரு பங்காகிவிடும். விமானத்திலுள்ள ஜாமரின் அலைக்கு ஒருவழிப் பயணம்தான், ஆகவே அது நான்கில் ஒரு பங்காகத்தான் குறையும். வெகு தொலைவில் சிறிய ஜாமர்கூடப் பெரிய ரேடாரை மூழ்கடிப்பது இதனால்தான். விமானம் நெருங்க நெருங்கக் கணக்கு தலைகீழாகிறது. ஒரு கட்டத்தில் எதிரொலி இரைச்சலை மீறி மேலே வந்துவிடும். அந்தத் தொலைவுக்குள் போய்விட்டால் ஜாமரை நம்பிப் பயனில்லை.

எல்லா அதிர்வெண்களையும் ஒரேயடியாக அடைத்துவிடலாமே?

அடைக்கலாம், ஆனால் சக்தி சிதறும். 100 வாட் சக்தியை ஒரே சேனலில் கொட்டுவது வேறு, நூறு சேனல்களுக்குப் பகிர்ந்து தலைக்கு ஒரு வாட் கொடுப்பது வேறு. போதாக்குறைக்கு உங்கள் ஆட்களின் ரேடியோவும் சேர்ந்து செத்துவிடும். ஆகவே இந்தக் கேள்வியும் ஒட்டுக்கேட்பதில்தான் போய் நிற்கிறது.

ஒட்டுக்கேட்பது அவ்வளவு முக்கியமா?

1940ல் பிரிட்டனில் நடந்ததைச் சொல்கிறேன். ஜெர்மன் விமானங்கள் இரவில் இலக்கைக் கண்டுபிடிக்க ரேடியோக் கற்றைகளைப் பயன்படுத்தின. விமானி கற்றைக்கு ஒருபக்கம் விலகினால் காதில் புள்ளி ஒலி, மறுபக்கம் விலகினால் கோடு ஒலி, சரியாக நடுவில் பறந்தால் தொடர் ஒலி. வேறு இடத்திலிருந்து வரும் இன்னொரு கற்றை இதை வெட்டும் இடத்தில் குண்டைப் போடவேண்டும். இந்த முறைக்குக் கினிக்கெபைன் என்று பெயர்.

ஆர். வி. ஜோன்ஸ் என்ற 28 வயது இயற்பியலாளர் இதைத் துப்பறிந்தார். விமானத்தில் புதுக் கருவி எதுவும் இல்லையே என்று எல்லோரும் குழம்பினார்கள். பிடிபட்ட ஜெர்மன் விமானி ஒருவர், எவ்வளவு தேடினாலும் அவர்களால் கண்டுபிடிக்க முடியாது என்று சகாவிடம் சொன்னது ஒட்டுக்கேட்கப்பட்டது. அப்படியானால் கருவி கண்ணெதிரேதான் இருக்கிறது என்று ஜோன்ஸ் யோசித்தார். வீழ்த்தப்பட்ட விமானத்திலிருந்த, மூடுபனியில் தரையிறங்க உதவும் சாதாரண ரிசீவரைச் சோதித்தபோது, அந்த வேலைக்குத் தேவையானதைவிட அதன் நுண்ணுணர்வு மிக அதிகமாக இருந்தது தெரிந்தது. 1940 ஜூன் 21 அன்று சர்ச்சிலின் கூட்டத்தில் அவர் விளக்கினார். அன்று இரவே தேடிப் பறந்த விமானம், 31.5 மெகாஹெர்ட்ஸில் சில நூறு கஜ அகலமே உள்ள கற்றையைப் பிடித்துவிட்டது. முதலில் கைக்குக் கிடைத்த ஜாமர்கள் மருத்துவமனைகளில் உடலுக்குச் சூடு கொடுக்கும் டயாதெர்மி கருவிகள்!

அடுத்து ஜெர்மானியர் எக்ஸ்-கெரேட் என்ற இன்னும் துல்லியமான கற்றை முறைக்கு மாறினார்கள். 1940 நவம்பர் 14 இரவு கோவென்ட்ரி நகரம் எரிந்தபோது பிரிட்டிஷ் ஜாமர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவை அனுப்பிய ஒலி 1,500 ஹெர்ட்ஸ். ஜெர்மன் ரிசீவரிலிருந்த வடிகட்டி 2,000 ஹெர்ட்ஸை மட்டுமே உள்ளே விட்டது. இத்தனைக்கும் சில நாள் முன்பு கரையோரம் விழுந்த ஒரு விமானத்திலிருந்து அந்தக் கருவி பிரிட்டிஷார் கைக்கு வந்திருந்தது. வேளைக்குள் யாரும் அளந்து பார்த்து, உரியவர்களுக்குச் சொல்லவில்லை. அன்றிரவு 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜாமர் சரியாக இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. நிலவு வெளிச்சமும் அன்று தாக்க வந்தவர்களுக்குச் சாதகமாக இருந்தது.

மூன்றாவதாக வந்தது ஒய்-கெரேட். விமானம் திருப்பி அனுப்பும் சிக்னலை வைத்து அதன் தொலைவைத் தரையிலிருந்தே அளக்கும் முறை இது. போரினால் மூடிக் கிடந்த பி.பி.சி.யின் அலெக்ஸாண்ட்ரா பேலஸ் தொலைக்காட்சி நிலையத்தைப் பிரிட்டிஷார் எடுத்துக்கொண்டு, அந்தச் சிக்னலையே மறுபடி ஒலிபரப்பினார்கள். தொலைவுக் கணக்கு குழம்பியது. முதல் நாளே முழு சக்தியையும் போடவில்லை. மெல்லக் கூட்டினார்கள், ஜெர்மானியர் தங்கள் கருவியில்தான் கோளாறு என்று தேடட்டும் என்பதற்காக.

இதே வித்தையை 1942 பிப்ரவரியில் ஜெர்மானியர் திருப்பிக் கொடுத்தார்கள். ஷார்ன்ஹார்ஸ்ட், நைசெனாவ் போர்க்கப்பல்கள் ஆங்கிலக் கால்வாய் வழியே தப்பி ஓடுவதற்கு முன், பிரிட்டனின் கடலோர ரேடார்கள் மீதான இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள். ரேடார் முன் உட்கார்ந்திருந்தவர்கள் வானிலைக் கோளாறு என்று பழகிவிட்டார்கள்.

இரைச்சல் போடாமல் ஏமாற்ற முடியாதா?

முடியும். நேர்த்தியான வேலை அதுதான். ஓர் உதாரணத்தை நிதானமாகப் பார்ப்போம். விமானத்தைப் பின்தொடரும் ரேடார், எதிரொலி எந்த நேரத்தில் வரும் என்று எதிர்பார்த்து ஒரு சின்ன ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும். விமானத்திலுள்ள கருவி ரேடாரின் துடிப்பைப் பிடித்து, அதே நொடியில், அதே வடிவில், சற்று உரக்கத் திருப்பி அனுப்புகிறது. ரேடாருக்குச் சந்தேகம் வராது, நல்ல எதிரொலி கிடைத்தது என்று தன் உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். உண்மையான எதிரொலி அடியில் அமுங்கிவிடும். பிறகு கருவி தாமதத்தைத் துளித்துளியாகக் கூட்டும். ஒரு மைக்ரோ நொடித் தாமதம் ரேடார் கணக்கில் 150 மீட்டர். பத்து மைக்ரோ நொடிக்கு விமானம் இருக்கும் இடத்தைவிட ஒன்றரை கிலோமீட்டர் பின்னால் ரேடார் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் கருவியை அணைத்தால் ஜன்னலில் ஒன்றுமே இருக்காது. ரேடார் முதலிலிருந்து தேட வேண்டும். ஏவுகணை பாதி வழியில் இருக்கும்போது அந்தச் சில நொடிகள் உயிரைக் காக்கும்.

விமானத்திலிருந்து அலுமினியத் தாள் பட்டைகளைக் கொட்டினால் ரேடார் குருடாகுமா?

குருடாகாது, ஒவ்வொரு பட்டையும் எதிரொலி கொடுப்பதால் கண் நிறையப் பொய் தெரியும். தாளின் நீளம் ரேடார் அலைநீளத்தில் பாதியாக இருக்கவேண்டும். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் ரேடாரின் அலைநீளம் சுமார் 53 சென்டிமீட்டர், ஆகவே பிரிட்டிஷார் வெட்டிய பட்டைகள் சுமார் 27 சென்டிமீட்டர். இதை ஆராய்ந்து உருவாக்கியவர் ஜோன் கரன் என்ற பெண் இயற்பியலாளர். 1943 ஜூலை 24 இரவு ஹாம்பர்க் மீது முதன்முதலாகக் கொட்டினார்கள். 791 விமானங்கள் கிளம்பியதில் இழந்தது 12, அப்போதைய வழக்கத்தைவிட மிகக் குறைவு.

வேடிக்கை என்னவென்றால், இதே உத்தி ஜெர்மானியருக்கும் முன்பே தெரியும். நாம் போட்டால் அவர்கள் கற்றுக்கொண்டு நம்மீது போடுவார்கள் என்ற பயத்தில் இரு தரப்பும் மாதக்கணக்கில் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தப் பயமும் நியாயமானதுதான். ஜெர்மன் இரவுநேர விமானங்கள் சீக்கிரமே எஸ்.என்.-2 என்ற வேறு அலைநீள ரேடாருக்கு மாறின. பழைய பட்டைகள் அதை ஒன்றும் செய்யவில்லை. 1944 ஜூலையில் வழிதவறிய ஒரு ஜெர்மன் விமானம் அந்த ரேடாரோடு இங்கிலாந்தின் உட்பிரிட்ஜ் தளத்தில் தானாக வந்து இறங்கிய பிறகே பட்டையின் நீளத்தை மாற்ற முடிந்தது.

ரேடாரையே அணைத்து வைத்துவிட்டால்?

நல்ல கேள்வி. ரேடார் போட்டவன் தன் இடத்தைச் சொல்லிவிடுகிறான். ரேடார் ஒரு விமானத்தைப் பார்ப்பதற்கு முன்பே விமானத்திலுள்ள எச்சரிக்கைக் கருவி ரேடாரைக் கேட்டுவிடும், அதற்கும் அந்த ஒருவழிப் பயணம்தான் காரணம். வியட்நாமில் 1965 முதல் சோவியத் எஸ்.ஏ.-2 ஏவுகணைகள் அமெரிக்க விமானங்களை வீழ்த்தத் தொடங்கியதும், ரேடார் அலையைப் பிடித்துக்கொண்டே போய் ரேடார் மீது விழும் ஷ்ரைக் ஏவுகணை வந்தது. வியட்நாமியர் ரேடாரை அணைக்கக் கற்றுக்கொண்டார்கள். ஏவுகணை வழி தெரியாமல் போகும். ஆனால் அணைத்திருக்கும் ரேடாரால் யாரையும் சுடவும் முடியாதே. பயமுறுத்தி அணைக்க வைத்தாலே அமெரிக்கர்களுக்குப் பாதி வேலை முடிந்தது.

அணைந்த ரேடாரைப் போட வைப்பதும் ஒரு கலை. 1982 ஜூன் 9 அன்று லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் இஸ்ரேல் முதலில் ஆளில்லாப் பொம்மை விமானங்களை அனுப்பியது. நிஜத் தாக்குதல் என்று நம்பி சிரியர்கள் ரேடார்களைப் போட்டு ஏவுகணைகளைச் செலவழித்தார்கள். பிறகுதான் நிஜ விமானங்கள் வந்தன. 19 ஏவுகணைத் தொகுதிகளில் 17 ஒரே நாளில் போயின என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

ஸ்டெல்த் விமானத்துக்கு ஜாமர் எதற்கு?

1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் எஃப்-117 என்ற அமெரிக்க ஸ்டெல்த் விமானம் ஒன்று விழுந்தது. வீழ்த்தியது 1960களின் சோவியத் ஏவுகணை முறையான நேவா. அந்தத் தொகுதியின் தளபதி சோல்தான் டானி ரேடாரைச் சில நொடிகளுக்கு மேல் எரியவிட மாட்டார், சுட்டதும் இடத்தை மாற்றிவிடுவார். அந்த இரவு எஃப்-117களுக்குத் துணையாக வரவேண்டிய ஜாமர் விமானங்கள் வரவில்லை. ஸ்டெல்த் என்பது ரேடாரில் சிறிதாகத் தெரிவது, தெரியாமலே போவதல்ல. எதிரொலி சிறிதானால் அதை மறைக்கச் சின்ன ஜாமரே போதும், ஆகவே இரண்டும் கூட்டாளிகள்.

ஜாமிங்கிலிருந்து எப்படித் தப்பிக்கிறார்கள்?

சக்தியைக் கூட்டலாம், ஆன்டெனாவை ஒரே திசைக்குக் குறுக்கலாம், பேச்சைச் சுருக்கலாம். பெரிதும் கைகொடுப்பது அதிர்வெண் தாவல். அமெரிக்க ராணுவத்தின் சிங்கார்ஸ் ரேடியோ 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸுக்குள் நொடிக்கு சுமார் 111 முறை சேனல் மாறும். தாவும் வரிசை தெரிந்த ரேடியோவுக்குத்தான் பேச்சு கேட்கும்.

ஹாலிவுட் நடிகை ஹெடி லமார்தான் வைஃபையைக் கண்டுபிடித்தார் என்று வாட்ஸ்அப்பில் வருவது இந்த இடத்திலிருந்து பிறந்த கதை. அவரும் ஜார்ஜ் ஆன்தைல் என்ற இசையமைப்பாளரும் சேர்ந்து, டார்பிடோவை 88 அதிர்வெண்களில் தாவித் தாவி இயக்கும் யோசனைக்கு 1942ல் காப்புரிமை வாங்கியது உண்மை. அமெரிக்கக் கடற்படை அந்தப் போரில் அதைப் பயன்படுத்தவில்லை. தாவல் என்ற கருத்தும் அவர்களுக்கு முன்பே இருந்தது. நல்ல யோசனை, வைஃபை அல்ல.

ஜி.பி.எஸ். ஏன் இவ்வளவு எளிதில் கெடுகிறது?

செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும் சிக்னல் தரையைத் தொடும்போது ரிசீவரின் சொந்த இரைச்சலைவிடப் பலவீனமானது. கணிதத்தால்தான் அதைத் தோண்டி எடுக்கிறோம். பக்கத்தில் ஒரு சின்ன ஜாமர் போதும் அதைப் புதைக்க. ஸ்பூஃபிங் இன்னும் மோசம், ரிசீவர் நிற்காது, பொய்யான இடத்தைக் காட்டும். 2017 ஜூனில் கருங்கடலில் நோவொரோசிஸ்க் அருகே இருந்த கப்பல்கள் பல, திரையில் கெலெஞ்சிக் விமான நிலையத்தில் நின்றன. 2024 ஏப்ரல் கடைசியில் ஃபின்ஏர் நிறுவனம் இதே தொல்லையால் எஸ்தோனியாவின் தார்த்து நகருக்கு ஒரு மாதம் விமானத்தை நிறுத்தி வைத்தது. உக்ரைனில் ஜி.பி.எஸ். வழிகாட்டும் எக்ஸ்காலிபர் பீரங்கிக் குண்டுகளின் வெற்றி விகிதம் 10 சதவீதத்துக்கும் கீழே போனதாக அந்நாட்டு ராணுவத்தின் உள் மதிப்பீடு 2024ல் செய்தியானது. விலை உயர்ந்த ஆயுதம் கெட்டுப்போக மாதக்கணக்கே போதுமாக இருந்தது.

உக்ரைனில் ட்ரோன்களுக்கு நூல் கட்டி விடுகிறார்களாமே?

நூல் அல்ல, கண்ணாடி இழை. முடி கனத்தில் பத்து, இருபது கிலோமீட்டர் நீள ஆப்டிகல் ஃபைபர் சுருளை ட்ரோன் சுமந்து, பறக்கப் பறக்க அவிழ்த்துக்கொண்டே போகும். வீடியோவும் கட்டளையும் அதற்குள் போவதால் ஜாம் செய்யக் காற்றில் எதுவும் இல்லை. ஒட்டுக்கேட்டு ஓட்டுபவரின் இடத்தைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. 2024 முதல் ரஷ்யர்கள் பரவலாக இறக்கினார்கள், உக்ரைனும் பின்தொடர்ந்தது. குறை உண்டு: சுருளின் எடைக்கு வெடிமருந்தைக் குறைக்க வேண்டும், மரம், கம்பியில் இழை சிக்கும்.

இதுவும் புதிதல்ல. 1943ல் ஜெர்மனி ரேடியோவில் இயக்கும் குண்டுகளால் கப்பல்களைத் தாக்கியது. ஃப்ரிட்ஸ்-எக்ஸ் என்ற குண்டு செப்டம்பர் 9 அன்று, அப்போதுதான் சரணடைந்திருந்த இத்தாலியின் ரோமா என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது. நேசநாடுகள் முதலில் தப்பான அதிர்வெண்ணை ஜாம் செய்தன. குண்டுகளின் சிதைவுகளையும் சிக்னலையும் ஆராய்ந்த பிறகு சரியானதைப் பிடித்தார்கள். அதற்கு ஜெர்மன் பொறியாளர்கள் யோசித்த விடை, ரேடியோவுக்குப் பதில் கம்பியால் இயக்கும் ஹென்ஷெல் 293பி. அது போருக்கு வந்து சேரவில்லை.

வீரர்களின் செல்போனும் ஆபத்தா?

ஆம். 2023 புத்தாண்டு இரவில், உக்ரைனில் ரஷ்யா பிடித்திருந்த மகீவ்கா நகரில் ரஷ்ய வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தை உக்ரைனின் ராக்கெட்டுகள் தாக்கின. 89 பேர் இறந்ததாக ரஷ்யாவே ஒப்புக்கொண்டது. தடையை மீறி வீரர்கள் போன் பயன்படுத்தியதே காரணம் என்றது அதன் ராணுவம். அத்தனை பேரை ஒரே கட்டடத்தில், வெடிமருந்துக்குப் பக்கத்தில் தங்க வைத்த அதிகாரிகளுக்கு வசதியான விளக்கம் என்று ரஷ்யாவிலேயே பலர் முணுமுணுத்தார்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

மின்காந்தத் துடிப்பால் மின்சாதனங்களைக் கெடுக்கும் இ.எம்.பி. குண்டு இதில் சேருமா?

சினிமாவில் வரும் அளவுக்குக் களத்தில் வருவதில்லை. 1962 ஜூலை 9 அன்று பசிபிக் மீது 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா வெடித்த அணுகுண்டினால், வெகு தொலைவிலிருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன. அது அணு ஆயுதக் கணக்கு, அன்றாட மின்னணுப் போர் அல்ல.

இந்தியாவிடம் என்ன இருக்கிறது?

பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின், ஹைதராபாத்திலுள்ள டி.எல்.ஆர்.எல். ஆய்வகமும் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் தரைப்படைக்கு சம்யுக்தா, கடற்படைக்கு சக்தி முறைகளை உருவாக்கியிருக்கின்றன. ஹிம்சக்தி என்ற முறைக்கு 2023 மார்ச்சில் சுமார் 3,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போடப்பட்டது. களத்தில் எப்படி என்பது வெளியே வராது, வரவும் கூடாது.

ஆன்லைனில் சின்ன ஜாமர் விற்கிறார்களே, வாங்கலாமா?

கூடாது. மத்திய அரசின் அனுமதி இல்லாமல் செல்போன் ஜாமர், ஜி.பி.எஸ். தடுப்பான் வைத்திருப்பதோ விற்பதோ இந்தியாவில் சட்டவிரோதம். 2022ல் தொலைத்தொடர்புத் துறை இதைத் திரும்பவும் நினைவுபடுத்தியது. ஆம்புலன்ஸை அழைக்கும் போனும் ஜாமருக்கு ஒன்றுதான். அமெரிக்காவில் ஒரு லாரி ஓட்டுநர், தான் எங்கே போகிறோம் என்று முதலாளிக்குத் தெரியக்கூடாதென்று வண்டியில் ஜி.பி.எஸ். ஜாமர் மாட்டியிருந்தார். நியூவார்க் விமான நிலையத்தின் பக்கமாகப் போகும்போது அங்கே சோதனையிலிருந்த தரையிறங்கும் வழிகாட்டிக் கருவி தடுமாறியது. 2013ல் அவருக்கு விதிக்க முன்மொழிந்த அபராதம் 31,875 டாலர்.